எதிர்ப்பு சக்தி: கடையில் வாங்குவதா, கொல்லையில் பறிப்பதா?

கேள்வி: ''எங்கள் வீட்டில் மாமியார், இரண்டு பிள்ளைகள் உட்பட ஐந்து பேர். மழைக்காலம் வந்தாலே சளி, காய்ச்சல் மாறி மாறி வருகிறது. எதிர்ப்பு சக்திக்கு வைட்டமின் சி, துத்தநாகம், வைட்டமின் டி மாத்திரைகளை வாங்கச் சொல்கிறார்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து மாதம் 1,500 ரூபாய் ஆகும்போல. இவற்றில் எது உண்மையில் பலன் தரும்?''

- வாசகி, செங்கம்.

பதில்: நெல் வயலில் துத்தநாகப் பற்றாக்குறை இருந்தால், ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் இட்டதும் பயிர் தேறிவிடும். பற்றாக்குறையே இல்லாத வயலில் அதையே மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் ஒரு மணி நெல் கூடாது. உடம்புக்கும் இதே கணக்குதான். குறை இருப்பவருக்கு சத்து மாத்திரை மருந்து. குறை இல்லாதவருக்கு அது வீண் செலவு. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

வைட்டமின் சி: இதைப் பற்றி 11,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த 29 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். தினமும் சாப்பிட்டவர்களுக்கும் சளி பிடிக்கத்தான் செய்தது. சளி நீடிக்கும் காலம் மட்டும் பெரியவர்களுக்கு 8 சதவிகிதம், பிள்ளைகளுக்கு 14 சதவிகிதம் குறைந்தது. அதாவது, ஏழு நாள் சளி ஆறரை நாளில் போகும். சளி பிடித்த பிறகு மாத்திரையைத் தொடங்கியவர்களுக்கு உறுதியான பலன் எதுவும் தெரியவில்லை. ஓர் ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவை 80 மில்லிகிராம், பெண்ணுக்கு 65 மில்லிகிராம். 100 கிராம் கொய்யாவிலேயே சுமார் 200 மில்லிகிராம் கிடைக்கிறது. கொல்லையில் கொய்யாவோ நெல்லியோ காய்க்கும் வீட்டுக்கு இந்த மாத்திரை வேண்டியதில்லை.

துத்தநாகம்: இதன் பலன் சந்தேகமில்லாமல் தெரிந்த இடம் பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு. 2004-ம் ஆண்டிலேயே உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் இதைப் பரிந்துரைத்தன. ஓ.ஆர்.எஸ். கரைசலுடன், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் குறைந்த வயதுக்கு 10 மில்லிகிராம் வீதம் 14 நாள் கொடுக்க வேண்டும். போக்கு நின்றுவிட்டது என்று மூன்றாம் நாளே நிறுத்திவிடக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இலவசமாகவே கிடைக்கிறது. பெரியவர்கள் மாதக் கணக்கில் அதிக அளவில் சாப்பிட்டால் உடம்பில் செம்புச் சத்து குறைந்து, வேறு கோளாறுகள் வரும்.

வைட்டமின் டி: 2022-ல் பிரிட்டனில் 6,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில், ரத்தத்தில் குறை கண்டவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்தும் சளி, இருமல் தொற்றுகள் குறையவில்லை. ஆனால், எலும்புக்கு இது அவசியம். வயலில் வெயில் படும்படி வேலை செய்கிறவருக்கு பெரும்பாலும் வெயிலே போதும். வீட்டைவிட்டு வெளியே வராத மாமியாருக்குக் குறை இருக்கலாம். அதை மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். வாரம் ஒன்று என்று கொடுக்கும் 60,000 யூனிட் மாத்திரையை, சொன்ன வாரங்கள் முடிந்த பிறகும் தொடர்ந்தால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி சிறுநீரகம் கெடும்.

நிலவேம்பு, கபசுரக் குடிநீர்: இவை காய்ச்சல் நாட்களுக்கு உரியவை. சித்த மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் நாட்களுக்குக் குடிக்கலாம். காபிக்குப் பதிலாக வருடம் முழுக்கக் குடிப்பதற்கில்லை. கர்ப்பிணிகள் கேட்காமல் குடிக்கவே கூடாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பலன் எதில் தெரிந்தது என்றால், சாதாரண சாப்பாட்டில்தான். ஜார்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தினர் 10,000 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை கொடுத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவிகிதம் குறைந்தது. அரைவயிற்றுக்கு உண்ட உடம்புக்குப் பருப்பும் சோறும்தான் எதிர்ப்பு சக்தி.

ஆகவே, அந்த 1,500 ரூபாயில் முட்டை, பருப்பு, வேர்க்கடலை வாங்கலாம். முருங்கைக்கீரை வேலியிலேயே இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம், பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை, பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை ஆகியவை சுகாதார நிலையத்தில் இலவசம். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதால், ரத்தப் பரிசோதனைதான் முதல் வேலை. இரண்டு வாரத்தைத் தாண்டியும் இருமல் நின்றபாடில்லை, எடை குறைகிறது என்றால் மாத்திரை தேடாமல் சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: ''நாட்டுக்கோழிகளுக்கு எதிர்ப்பு சக்தி டானிக் கொடுத்து வந்தால், வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியை விட்டுவிடலாமா?''

- வாசகர், நத்தம்.

பதில்: விடக் கூடாது. வெள்ளைக்கழிச்சல் வைரஸால் வருவது. டானிக்கும், மஞ்சள், சின்ன வெங்காயம் கலந்த தீவனமும் கோழியைத் தெம்பாக வைக்கும். ஆனால், இந்த வைரஸை அடையாளம் கண்டு எதிர்க்க உடம்புக்குக் கற்றுக்கொடுப்பது தடுப்பூசி மட்டுமே. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, நான்காம் வாரம் லசோட்டா, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி என்ற முறை தவறக் கூடாது. ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்கம் செய்வது நல்லது. மருந்தை ஐஸ் வைத்த டப்பாவில்தான் கொண்டுவர வேண்டும். வெயிலில் பட்ட மருந்தைப் போடுவதும் போடாததும் ஒன்றுதான். டானிக்கை, ஊசி போடும் நாளுக்கு முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாள் தண்ணீரில் கலந்து கொடுத்தால், அந்த அலுப்பிலிருந்து கோழி சீக்கிரம் மீளும். டானிக்குக்கு வேலை அவ்வளவுதான்.