போனில் மேப் காட்டுவதற்கு முன்...

உங்கள் வீட்டுக் குட்டிக்கு போனில் மேப்பைத் திறக்கத் தெரியுமா? தெரியும் என்றால், பெருமைப்படுவதற்கு முன் இதைக் கொஞ்சம் படித்து விடுங்கள். நானும் அப்படிப் பெருமைப்பட்டவன்தான்.

நங்கநல்லூரில் இருக்கும் என் அக்காவின் மகளுக்கு ஐந்து வயது. மேப்பை இரண்டு விரலால் பெரிதாக்குவாள், சிறிதாக்குவாள், சாட்டிலைட் படத்துக்கு மாற்றுவாள், ஈபிள் டவர் வரை போய் விட்டுத் திரும்பி வருவாள். எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான். சாஃப்ட்வேர் இன்ஜினியர் மாமா இருந்து என்ன பயன்?

போன வருடம் ஒரு மாலை கோவில் கூட்டத்தில் அவள் அக்காவின் கையை விட்டு விட்டாள். இருபது நிமிடம். அந்த இருபது நிமிடம் எப்படிப் போனது என்று எழுத எனக்கு விருப்பமில்லை. பூக்கட்டிக் கொண்டிருந்த ஓர் அம்மாள் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, "உங்க வீடு எங்க கண்ணு இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அவள் அழாமல் பதில் சொல்லியிருக்கிறாள்: "மேப்புல நடுவுல இருக்கும்."

வீடு அங்கிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கிறது.

பிறகு இதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் சிரித்தார்கள். யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் தப்பே இல்லை. அவள் மேப்பைத் திறந்தது எல்லாம் வீட்டில் இருந்துதான். திறந்தால் நடுவில் ஒரு நீலப் புள்ளி. அது நம் வீடு. வண்டியில் போகும்போது வழிகாட்டச் சொன்னால் மேப்பே நமக்கு ஏற்றபடி சுற்றிக் கொள்கிறது. 'நான் எங்கே இருக்கிறேன்?' என்ற கேள்வியை அந்த ஆப் ஒரு தடவை கூட அவளைக் கேட்டதில்லை. கேட்பதற்கு முன்பே பதில் சொல்லி விடுகிறது.

இதற்கு ஆப்பைக் குறை சொல்ல மாட்டேன். அது வழி தெரிய வேண்டிய பெரியவர்களுக்காகச் செய்தது. நமக்கு மேப் என்றால் என்ன என்று முன்பே தெரியும். ஐந்து வயதுக் குழந்தைக்கு அது இன்னொரு வீடியோ, அவ்வளவுதான். நான் வரிசையை மாற்றி விட்டேன் என்பதுதான் என் தப்பு. கையால் செய்து விளையாடிய மேப் முதலில் வர வேண்டும். ஸ்கிரீன் அதற்குப் பிறகு.

அதனால் மறுபடியும் ஆரம்பித்தோம், இந்தத் தடவை போன் இல்லாமல். முதல் நாள் தேவைப்பட்டவை ஒரு டம்ளர், ஒரு கரண்டி, ஒரு சாவி, ஒரு பேப்பர், பென்சில். பொருளைப் பேப்பர் மேல் வைத்து ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு விட்டுப் பொருளை எடுத்து விட வேண்டும். டம்ளர் இருந்த இடத்தில் ஒரு வட்டம்! "இது டம்ளரே இல்ல, மாமா" என்று சண்டைக்கு வந்தாள். நாற்காலி மேல் ஏற்றி நிற்க வைத்து, தரையில் இருந்த டம்ளரை மேலிருந்து பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. நாம் நினைப்பதை விட இது குழந்தைக்குப் பெரிய விஷயம். எதையும் பக்கவாட்டில் பார்த்தே பழகிய கண்ணுக்கு, பறவை பார்ப்பது போல் பார்க்கத் தெரிந்தால்தான் மேப் என்பதே புரியும்.

அடுத்தது தீப்பெட்டி அறை. ஒரு ஷூ டப்பாவின் மூடியை ஹாலாக வைத்துக் கொண்டு, தீப்பெட்டியை சோபாவாகவும், சோப்பு டப்பாவை டி.வி. ஸ்டாண்டாகவும் அதே இடங்களில் வைத்தோம். பிறகு நிஜ ஹாலில் ஒரு கடலை மிட்டாயை ஒளித்து விட்டு, மூடியில் அதே இடத்தில் ஒரு கடுகை வைத்துக் காட்ட வேண்டும். போய் எடுத்துக் கொள்ளலாம்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஜூடி டிலோச் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987-ல் இதே போன்ற சோதனையைச் செய்தார். சின்ன மாடல் அறையில் ஒரு குட்டிப் பொம்மை ஒளிக்கப்படும். பெரிய அறையில் அதே இடத்தில் இருக்கும் பெரிய பொம்மையைக் குழந்தை கண்டுபிடிக்க வேண்டும். மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் நேராகப் போய் எடுத்தார்கள். இரண்டரை வயதுக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் முடியவில்லை. ஆறே மாதத்தில் இவ்வளவு வித்தியாசம்! இதில் எனக்குப் பிடித்தது, அவரும் சக ஆய்வாளர்களும் 1997-ல் வெளியிட்ட இன்னொரு சோதனை. 'இந்த மெஷின் அறையைச் சுருக்கி விட்டது' என்று குழந்தைகளை நம்ப வைத்தார்கள். அப்போது அதே இரண்டரை வயதுக் குழந்தைகள் பொம்மையைக் கண்டுபிடித்து விட்டார்கள். சுருங்கிய அறை என்றால் அவர்களுக்கு அது அதே அறைதான். மாடல் என்றால், ஒரு பொருள் இன்னொன்றுக்குப் பதிலாக நிற்கிறது என்று புரிய வேண்டும். கஷ்டம் அங்கேதான். எனவே மூன்று வயது ஆகாத பிள்ளைக்கு இது வரவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். பிறகு பார்த்துக் கொள்ளலாம்.

எங்கள் வீட்டில் கடலை மிட்டாய் மூன்று நாளில் தீர்ந்தது. நான்காம் நாள் அந்த மூடியை அப்படியே தலைகீழாகத் திருப்பி வைத்தேன். சோபா பக்கம் போக வேண்டியவள் டி.வி. பக்கம் போய்த் தேடினாள். ஏமாற்றி விட்டேன் என்று கோபம். கடைசியில் அவளே மூடியை ஹாலுக்கு ஏற்ற மாதிரி திருப்பி வைத்தாள். போனில் இந்த வேலையைச் செய்வது மென்பொருள். இங்கே அவள் கை செய்தது. நான் சொல்ல வந்ததே இந்த ஒரு இடம்தான்.

பிறகு மொட்டை மாடி. சாக்பீஸால் தெருவை வரைந்தோம். எத்தனை அடி எடுத்து வைத்தால் பால் பூத், எத்தனை அடியில் இஸ்திரி வண்டி என்று அவளே நடந்து எண்ணி வந்தாள். தெருவில் பத்து அடி என்றால் மாடியில் ஒரு சாண். மாடியிலிருந்து பார்த்தால் வடக்கே பரங்கிமலை. 1802-ல் வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கும் பெரிய சர்வேயை அந்த மலைப் பக்கம்தான் தொடங்கினார். 100 அடி நீளச் சங்கிலியைத் திரும்பத் திரும்பத் தரையில் வைத்து, பெரும்பாக்கம் வரை சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு முதல் கோட்டை அளந்தார்கள். பிற்காலத்தில் எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்டதும் அந்த சர்வேதான். இதை அவளிடம் சொன்னபோது, "அவங்களும் எண்ணி எண்ணித்தான் போனாங்களா?" என்று கேட்டாள். ஆமாம், பாப்பா.

'இதெல்லாம் எதற்கு, என் பையன் நூறு நாடுகளின் தலைநகரத்தைச் சொல்வானே' என்று சிலர் சொல்லலாம். நல்ல ஞாபகசக்தி, பாராட்டுக்கள். ஆனால் அது மேப் இல்லை, பட்டியல். நான் பத்தாம் வகுப்பில் ஸ்டேஷனரி கடையில் வாங்கிய அவுட்லைன் மேப்பில் எல்லா ஆறுகளையும் நீல நிறத்தில் போட்டு முழு மார்க் வாங்கியவன். சென்னைக்கு வேலைக்கு வந்த புதிதில், பஸ்ஸை விட்டு இறங்கினால் வடக்கு எது தெற்கு எது என்று தெரியாமல் நின்றவனும் நானே. ஜிகாம்ப்ரிஸ் போன்ற இலவச மென்பொருளில் நாடுகளைப் பொருத்தும் விளையாட்டுகள் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் தெரு தெரிந்த பிறகு நாட்டுக்குப் போகலாமே.

இந்தப் பத்திரிகையின் வாசகர்கள், 'கம்ப்யூட்டருக்கு வேலையே இல்லையா?' என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் திருத்தக் கூடிய உலக மேப். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தண்ணீர் தேங்கிய தெருக்களை மக்களே குறித்த மேப் இதன் மேல் போடப்பட்டதுதான். அதன் வெப்சைட்டில் உங்கள் தெருவைத் தேடி, நன்றாகப் பெரிதாக்கி, ஓரத்தில் உள்ள ஷேர் பட்டனைக் கிளிக் செய்தால் படமாக இறக்கிக் கொள்ளலாம். ஏ4 பேப்பரில் பிரிண்ட் எடுங்கள். கறுப்பு வெள்ளையே போதும், கலர் அடிக்கும் வேலை குழந்தையுடையது. வீட்டை நீங்கள் காட்டாதீர்கள். அவளே தேடட்டும்.

எங்கள் வீட்டில் தேடி முடிக்கப் பாதி மணி நேரம் ஆனது. வீடு பேப்பரின் நடுவில் இல்லை, இடது மூலையில் இருந்தது. வேண்டுமென்றே அப்படி எடுத்திருந்தேன்.

அக்காவின் போன் நம்பரை அவளுக்கு மனப்பாடம் செய்ய வைத்தோம் என்பதையும் சொல்லி விடுகிறேன். அது வேறு, அதுவும் அவசியம். ஆனால் போன மாதம் அதே கோவிலில் இருந்து, "இன்னிக்கு நீ எங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்று சொல்லி விட்டு நானும் அக்காவும் இரண்டடி பின்னால் நடந்தோம். ஒரு தெரு தவறாகத் திரும்பினாள். பாதி வழியில் நின்று, பரங்கிமலை தெரிகிறதா என்று கட்டடங்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தாள். தெரியவில்லை. மருந்துக் கடையைப் பார்த்து விட்டுத் திரும்பி நடந்தாள். வீடு வந்தது.

மறுநாள் பிரிண்ட் அவுட்டைக் கொண்டு வந்து, "இதுல இஸ்திரி மாமா வண்டிக்குப் போற சந்து இல்ல" என்றாள். நிஜமாகவே இல்லை. எடிட்டரைத் திறந்து, அதில் தரப்படும் சாட்டிலைட் படத்தின் மேல் அந்தச் சந்தை வரைந்தேன். (கூகுள் மேப்பைப் பார்த்து இதில் வரையக் கூடாது, அதற்கு அனுமதி இல்லை. வீட்டு ஆட்களின் பெயர்களையும் ஏற்றாதீர்கள்.) கொஞ்ச நேரத்தில் உலக மேப்பில் அவளுடைய சந்து வந்து விட்டது. புதிதாகப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். ரொம்ப நேரம் உற்றுப் பார்த்து விட்டு, சந்து முனையில் படுத்திருக்கும் நாயை ஏன் போடவில்லை என்று கேட்டாள்.