டீயைக் குறைத்தால் கடன் அடையுமா?

"தினமும் ரெண்டு டீயைக் குறைங்க, கடன் தன்னால அடையும்." வாரத்துக்கு ஒரு தடவையாவது யாராவது இப்படி ஒரு அறிவுரையை செல்போனுக்கு அனுப்பி வைக்கிறார்கள். பி.காம். படித்த பாவத்துக்கு உடனே கணக்குப் போட்டுப் பார்த்தேன். இங்கே நாக்பூரில் எங்கள் வங்கி வாசலில் டீ பத்து ரூபாய். ரெண்டு டீக்கு இருபது. வருஷத்துக்கு 7,300 ரூபாய். ஒரு லட்ச ரூபாய் சேர 13 வருஷம் 8 மாசம் ஆகும். அதற்குள் அந்த லட்ச ரூபாய்க் கடனுக்கு வட்டி என்ன ஆகியிருக்கும் என்று அனுப்பியவர் யோசிக்கவே இல்லை.

உடனே, "அப்போ சிக்கனமே வேண்டாமா?" என்று சண்டைக்கு வராதீர்கள். வேண்டும். நான் சிக்கனத்தின் கட்சிதான். ஆனால் இருபது வருஷத்துக்கு மேல் வங்கி மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று தெரிகிறது. சிக்கனமாக இருக்கிற பல பேருக்குக் கடன் குறைவதே இல்லை. மிச்சம் பிடித்த காசுக்குப் போய்ச் சேர ஒரு விலாசம் இல்லாததுதான் காரணம். இன்றைக்குக் குடிக்காத டீயின் இருபது ரூபாய், நாளைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டாகவோ ரீசார்ஜாகவோ போய்விடும். மிச்சமானது எங்கேயும் போய்ச் சேரவில்லை.

இங்கே இத்வாரி பக்கம் போனால் சாயங்காலத்தில் ஒருவர் கையில் சின்ன மெஷினோடு கடை கடையாக ஏறி இறங்குவார். பிக்மி ஏஜென்ட். கடைக்காரர் கல்லாவிலிருந்து ஐம்பதோ நூறோ எடுத்துக் கொடுப்பார், ரசீது வாங்கிக்கொள்வார். இந்த பிக்மி டெபாசிட் 1928-ல் உடுப்பியில் சிண்டிகேட் வங்கி ஆரம்பித்து வைத்தது. தினம் ரெண்டணா. (அந்த வங்கி 2020-ல் கனரா வங்கியோடு இணைந்துவிட்டது. திட்டம் பல கூட்டுறவு வங்கிகளில் இன்னும் ஓடுகிறது.) அந்த ரெண்டணா சின்னத் தொகைதான். ஆனால் அன்றைக்கே வீட்டை விட்டுக் கிளம்பிப் போனது. விஷயம் அங்கேதான் இருக்கிறது.

நம்ம ஊரிலும் சாயங்காலம் கடைக்கு ஒருவர் வருவார். அவர் தண்டல்காரர். 9,000 கையில் கொடுத்து, தினம் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் வாங்குவார். "ஆயிரம் ரூபாதானே வட்டி" என்று தோன்றும். ஆனால் தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதால், அந்த நூறு நாளில் சராசரியாக உங்கள் கையில் இருந்த பணம் சுமார் 4,500 தான். 4,500-க்கு மூன்று மாதம் பத்து நாளில் ஆயிரம் ரூபாய் வட்டி. வருஷத்துக்குப் போட்டால் 80 சதவீதம். பிக்மிக்கும் தண்டலுக்கும் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது அதே நூறு ரூபாய், அதே ஒழுங்கு, அதே கல்லா. போகிற திசைதான் வேறே. ஆக, தினசரிப் பழக்கம் நம் ஆட்களுக்கு இல்லாமல் இல்லை. தண்டல்காரருக்கு ஒரு நாள் தவறாமல் கொடுத்தவரால் தனக்குத் தானே கொடுத்துக்கொள்ளவும் முடியும்.

முதலில் வட்டியைத் தமிழில் எழுதுங்கள்

ஊரில் யாராவது "மூணு வட்டிக்கு வாங்கியிருக்கேன்" என்றால் பெரியவர்கள் பதறுவார்கள். மூணு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருஷத்துக்கு 36. அதே பெரியவர் வீட்டுப் பையன் கிரெடிட் கார்டு பாக்கியை மாதாமாதம் தள்ளிக்கொண்டு போவான். யாரும் பதற மாட்டார்கள். நிறைய கார்டுகளில் மாதத்துக்கு மூன்றரை சதவீதம், சிலவற்றில் மூன்றே முக்கால். ஆங்கிலத்தில் அச்சடித்து பிளாஸ்டிக்கில் கொடுத்தால் மூன்றரை வட்டி கௌரவமாகிவிடுகிறது! போதாததற்கு அந்த வட்டி மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறே.

கோர்ட் காப்பாற்றும் என்றும் இருக்க முடியாது. 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்கக்கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்ன தீர்ப்பை, உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் தள்ளிவிட்டது.

எனவே ஒரு நோட்டில் எல்லாக் கடனையும் எழுதுங்கள். எதிரே "இத்தனை வட்டி" என்று ஊர்க் கணக்கில் போடுங்கள். வீட்டுக் கடன் எட்டரை சதவீதம் என்றால் அது முக்கால் வட்டிக்கும் கீழே. கார்டு மூன்றரை வட்டி. எதை முதலில் அடைக்க வேண்டும் என்று அப்புறம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. புதுக் கடன் வாங்கும்போதும் இதையே செய்யலாம். 2024 அக்டோபர் முதல் வங்கியும் நிதி நிறுவனமும் தருகிற சில்லறைக் கடன்களுக்கு, கட்டணமெல்லாம் சேர்த்த ஆண்டு வட்டியை ஒரே தாளில் எழுதித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

நூறு ரூபாயின் கணக்கு

கார்டில் 50,000 பாக்கி, மூன்றரை வட்டி, புதுசாக எதுவும் வாங்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். வட்டியும் ஜிஎஸ்டியும் சேர்த்து முதல் மாதம் 2,065 ரூபாய். மினிமம் டியூ ஐந்து சதவீதம், அதாவது 2,500. அதைக் கட்டினால் அசல் குறைவது வெறும் 435. மாதாமாதம் அந்த ஐந்து சதவீதம் மட்டுமே கட்டி வந்தால், ஐந்து வருஷம் கழித்தும் பாதிக்கு மேல் பாக்கி நிற்கும். சரி, தொகையைக் குறைக்காமல் மாதம் 2,500 என்று பிடிவாதமாகக் கட்டினால்? 44 மாதம் ஆகும். மொத்தம் சுமார் 1,08,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள்.

இப்போது தினம் நூறு ரூபாய் மிச்சம் பிடித்து அதையும் கார்டிலேயே போடுங்கள். மாதம் 5,500. பன்னிரண்டு மாதத்தில் கடன் தீரும். மொத்தம் கட்டியது சுமார் 64,000. வித்தியாசம் 44,000 ரூபாய், கிட்டத்தட்ட மூன்று வருஷ நிம்மதி.

அந்த நூறு ரூபாயை ஆர்.டி.யில் போட்டிருந்தால் ஏழு சதவீதம் வந்திருக்கும். 42 சதவீதத்தில் கடன் வைத்துக்கொண்டு ஏழு சதவீதத்துக்குச் சேமிப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. அவசரத்துக்கு ஒரு மாதச் செலவுப் பணம் தனியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் முதல் ஜுரத்துக்கே மறுபடி கார்டைத் தேய்ப்போம். அதற்கு மேல் மிச்சமாகும் ஒவ்வொரு ரூபாயும் கடனுக்குத்தான்.

கார்டெல்லாம் முடிந்து வீட்டுக் கடன் மட்டும் மிச்சம் என்றால்? 25 லட்சம், எட்டரை சதவீதம், 20 வருஷம். இ.எம்.ஐ. சுமார் 21,700. இதோடு மாதம் 3,000 கூடுதலாகக் கட்டினால் கடன் ஐந்து வருஷம் முன்னாடியே முடியும். வட்டியில் மிச்சம் சுமார் 7 லட்சத்து 90 ஆயிரம். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் வாங்கக்கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கூடுதலாகக் கட்டும்போது "இ.எம்.ஐ.யைக் குறைக்காதீங்க, காலத்தைக் குறைங்க" என்று எழுதிக் கொடுப்பது முக்கியம்.

நான் சிபாரிசு செய்யும் சின்னப் பழக்கங்கள்

1. அன்றைய மிச்சம் அன்றைக்கே. எங்கள் வீட்டில் ராத்திரி சாப்பிட்டதும் "இன்னிக்கு எவ்வளவு தப்பிச்சது?" என்று ஒரு கேள்வி உண்டு. அறுபதோ நூற்றிருபதோ, அப்போதே போனில் கடன் கணக்குக்குப் போய்விடும். கார்டு பாக்கிக்கு நாள் கணக்கில் வட்டி ஓடுவதால், மாதக் கடைசி வரை காத்திருக்கத் தேவையில்லை. சில இடத்தில் வீட்டுக் கடனுக்குச் சின்னத் தொகை வாங்க மாட்டார்கள். அப்போது தனிக் கணக்கில் சேர்த்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டலாம்.

2. செலவுக்குத் தனிக் கணக்கு. சம்பளக் கணக்கை யுபிஐயோடு இணைக்காதீர்கள். வாரச் செலவை மட்டும் இன்னொரு கணக்கில் போட்டு அதை இணையுங்கள். பர்ஸில் பணம் குறைவது கண்ணுக்குத் தெரியும். போனில் தெரியாது.

3. ஆட்டோபே பட்டியலை மாதம் ஒரு தடவை திறந்து பாருங்கள். பார்க்காத படத்துக்கும் போகாத ஜிம்முக்கும் பணம் போய்க்கொண்டிருக்கும்.

4. வாங்கும் செயலிகளில் சேமித்து வைத்த கார்டை நீக்குங்கள். பதினாறு இலக்கம் அடிப்பதற்குள் பாதி ஆசை போய்விடும்.

5. "வட்டியில்லா தவணை" என்ற போர்டைப் பார்த்தால் மொத்தமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கேளுங்கள். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கியே 2013-ல் சொல்லியிருக்கிறது.

6. கார்டில் பாக்கி நிற்கும்வரை அந்தக் கார்டில் புதுசாக எதுவும் வாங்காதீர்கள். பாக்கி இருக்கும்போது வட்டியில்லாத நாட்கள் கிடையாது. வாங்கிய அன்றிலிருந்தே வட்டி.

7. வெளியூரில் இருக்கிற நமக்கு மட்டும் ஒன்று. ஊருக்குப் போகும் தேதியை முன்னாடியே முடிவு செய்யுங்கள். ரயில் முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். நாக்பூர் வழியாக தமிழ்நாடு எக்ஸ்பிரஸும் ஜி.டி.யும் போகின்றன. அந்த அறுபதாம் நாளை விட்டுவிட்டுக் கடைசி நேரத்தில் நாலு பேருக்கு விமான டிக்கெட் எடுத்தால் ஒரு வருஷ டீக்காசு ஒரே நாளில் போய்விடும்.

யார் தலையில் சிக்கனம்?

இனி சொல்லப்போவது சில பேருக்குக் கசக்கும். கடன் முற்றிய வீட்டில் முதலில் குறைவது எது தெரியுமா? பால். அரை லிட்டர் கால் லிட்டராகும். அப்புறம் பெண்டாட்டியின் மாத்திரை, பிள்ளையின் பள்ளிச் சுற்றுலா. குறையாதது எது? தங்கை பையன் காதுகுத்துக்கு வைக்கிற மொய், ஐயாவின் பைக், ஊரில் யாருமே குடியிருக்காத வீட்டுக்கு இரண்டாவது மாடி. கடனை வாங்கியவர் ஒருவர், டீயைக் குறைப்பவர் இன்னொருவர்.

கடன் கேட்டு வரும் பல ஆண்கள் என்னிடம் தாழ்ந்த குரலில் சொல்வது ஒன்றுதான்: "சார், வீட்டு நம்பருக்கு மட்டும் போன் பண்ணாதீங்க." மனைவிக்குத் தெரியாமல் ரெண்டு கார்டு, ஒரு பர்சனல் லோன். அந்த அம்மா ஒரு பக்கம் கத்தரிக்காய்க்கு அஞ்சு ரூபாய் பேரம் பேசிக்கொண்டிருப்பார், இவர் இன்னொரு பக்கம் மாதம் இரண்டாயிரம் வட்டியைக் கரைத்துக்கொண்டிருப்பார். இந்த வீட்டில் எந்தச் சிக்கனமும் செல்லாது. முதல் சிக்கனம், கடன் நோட்டை மனைவி முன்னால் திறந்து வைப்பதுதான். அழுகை வரும், சண்டை வரும், ரெண்டு நாள் சாப்பாடு உப்பில்லாமல்கூட வரும். மூன்றாம் நாள் அந்த அம்மாவே, உங்களால் முடியாத ஒரு வழியைச் சொல்வார். நகையை அடகு வைத்துக் கார்டை அடைக்கலாம் என்பார். வங்கி நகைக்கடன் வட்டி கார்டு வட்டியில் கால் பங்குகூட இராதபடி கிடைக்கும் என்பதால் அது நல்ல யோசனையும்கூட. ஆனால் அதைச் சொல்லும் உரிமை அவருடையது. பீரோவைத் திறந்து எடுத்துப் போகும் உரிமை உங்களுக்கு இல்லை.

இன்னொன்று. ஆஸ்பத்திரிச் செலவுக்கு வாங்கியவரிடமும், மழை பொய்த்துப் பருத்தி போன விதர்பா விவசாயியிடமும் டீயைக் குறை என்று சொல்வது கொடுமை. அவர்களுக்குக் குறைக்க டீயே இல்லை. அங்கே செய்ய வேண்டியது, வட்டி அதிகமான கடனை வட்டி குறைந்த கடனாக மாற்றித் தருவது. அது எங்களைப் போன்ற வங்கிக்காரர்களின் வேலை. அதைச் செய்யாமல் சிக்கன வாரம் கொண்டாடிப் பிரயோஜனம் இல்லை.

சம்பளம் வாங்குகிற நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. பாலைக் குறைக்காதீர்கள், மருந்தைக் குறைக்காதீர்கள், இன்ஷூரன்ஸ் பிரீமியத்தை நிறுத்தாதீர்கள். டீகூட வேண்டுமென்றால் குடியுங்கள். நோட்டைத் திறந்து, மூன்றரை வட்டிக்காரனை அடையாளம் கண்டு, இன்று ராத்திரியே ஒரு நூறு ரூபாயை அவன் கணக்கில் போடுங்கள். நாளைக்கு இன்னொரு நூறு. பன்னிரண்டு மாதம் ஒன்றும் பெரிய காலம் இல்லை.