மோடல் என்றால் முதல்

"லீவுல எங்கே சார் போனீங்க, கொடைக்கானலா?" என்று ஆபீஸில் கேட்டார்கள்.

"லமலேரா" என்றேன்.

"யாரு சார், புது நடிகையா?" என்றார் கேஷ் செக்ஷன் நண்பர்.

ஊர் சார், ஊர். இந்தோனேஷியா மேப்பில் பாலித் தீவின் மேல் விரலை வைத்துக் கிழக்கே நகர்த்துங்கள். லொம்போக், சும்பாவா, ஃப்ளோரெஸ் எல்லாம் தாண்டிக் கொஞ்சம் போனால் லெம்பாட்டா என்று ஒரு தீவு. அதன் தென்கரையில், மலைக்கும் கடலுக்கும் நடுவே கிடைத்த இடுக்கில் உட்கார்ந்திருக்கிற கிராமம். கூப்பாங் வந்து, அங்கிருந்து விசிறி வைத்த சின்ன விமானத்தில் லெவோலெபாவில் இறங்கி, அப்புறம் லாரி. அதில் பலகைதான் சீட். பக்கத்து சீட்டில் சிமென்ட் மூட்டை, எதிர் சீட்டில் கோழிகள். முதுகெலும்பில் மொத்தம் எத்தனை எலும்பு என்று அன்றைக்குத் தனித்தனியாக எண்ணித் தெரிந்துகொண்டேன்.

இறங்கியதும் குழந்தைகள் எல்லாம் என்னைப் பார்த்து "ஓம்! ஓம்!" என்றார்கள். இவ்வளவு தூரத்தில் இவ்வளவு பக்தியா என்று புல்லரித்துப் போய்க் கும்பிட்டேன். சிரித்தார்கள். 'ஓம்' என்றால் மாமாவாம். டச்சுக்காரன் விட்டுப் போன வார்த்தை. ஊரோ கத்தோலிக்க ஊர்.

நான் தங்கிய வீட்டுப் பையன்தான் விளக்கினான். வயது 22. கூப்பாங்கில் படித்தவன், இங்கிலீஷ் பேசுவான். அவன் என்னை 'ஓம்' என்றான், நான் அவனைத் 'தம்பி' என்றேன். இரண்டே நாளில் உறவு செட்டாகிவிட்டது.

லமலேராவில் இரண்டு பிரிவு: ஏ, பி. ஸ்கூல் செக்ஷன் மாதிரி இருக்கிறதே என்று பார்த்தால், 'அத்தாஸ்' என்றால் மேல், 'பாவா' என்றால் கீழ். மேலத்தெரு, கீழத்தெரு. உலகம் முழுக்க ஒரே கதை!

ஊரின் தொழில் திமிங்கில வேட்டை. பாறை மண், பயிர் சரியாக வராது. அதனால் எதிரே இருக்கிற கடல்தான் வயல். மே 1-ம் தேதி கடற்கரையில் பூசை வைத்து சீசனைத் தொடங்குவார்கள். அதற்கு முன்பே கடலில் செத்தவர்களுக்கு ஒரு பூசை. அந்த வரிசையைக் கவனியுங்கள்.

படகுக்குப் பெயர் 'தேனா'. ஆணியே கிடையாது. பலகைகளை மர முளை அடித்துச் சேர்த்திருக்கிறார்கள். பாய், பனையோலைப் பின்னல். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மூங்கில் மேடையில் ஒருவர் நிற்பார். 'லாமாஃபா' என்று பட்டம். திமிங்கிலம் பக்கத்தில் வந்ததும், கையில் ஈட்டியோடு அதன் முதுகின் மேலேயே குதிப்பார். ஈட்டியை எறிவதில்லை சார், ஈட்டியோடு தானும் விழுகிறார். கைப்பலம் போதாது, உடம்பு எடையும் சேர்ந்தால்தான் தோலைத் துளைக்கும். நாற்பது டன் மிருகம், வாலை ஒரு ஆட்டு ஆட்டினால் படகு இரண்டு துண்டு. நான் இங்கே இன்க்ரிமென்ட் விஷயமாக மேனேஜர் ரூமுக்குள் நுழையவே இரண்டு டம்ளர் தண்ணீர் குடிக்கிறவன்.

'ஐயோ, திமிங்கிலத்தைக் கொல்லலாமா?' என்பீர்கள். நானும் கேட்டேன். வியாபாரத்துக்காகத் திமிங்கிலம் பிடிப்பதை உலகச் சங்கம் 1986-லிருந்து நிறுத்தி வைத்திருக்கிறது. இந்தோனேஷியா அந்தச் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. வயிற்றுக்காகப் பரம்பரையாகப் பிடிக்கிறவர்களை அந்தச் சங்கமே தனியாகத்தான் பார்க்கிறது. இவர்கள் பிடிப்பது பல் உள்ள 'ஸ்பெர்ம்' திமிங்கிலம். நீலத் திமிங்கிலத்தைத் தொட மாட்டார்கள். முன்னோரைக் காப்பாற்றியது என்று நன்றி. 1973-ல் ஐ.நா.வின் உணவு, விவசாய நிறுவனம் ஒரு நார்வேக்காரரை அனுப்பி, நவீன முறையில் வேட்டையாடக் கற்றுக்கொடுக்கப் பார்த்தது. சில வருஷத்தில் திட்டம் மூட்டை கட்டியது. ஊர் பழைய ஈட்டிக்கே திரும்பியது.

பிடித்ததைப் பங்கு போடுவதுதான் அழகு. படகு கட்டிய தச்சருக்கு ஒரு பாகம், ஈட்டி அடித்த கொல்லருக்கு ஒன்று, துடுப்புப் போட்டவர்களுக்கு, ஆதியில் இந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களாக இருந்த குலத்துக்கு... அங்கிருந்து உறவு வழியாகப் பிரிந்து பிரிந்து, புருஷனைக் கடலுக்குக் கொடுத்த பெண்ணின் வீட்டுக் கொடியிலும் இரண்டு துண்டு காய்கிறது. காய்ந்த கருவாட்டைப் பெண்கள் தலையில் சுமந்து, சனிக்கிழமை வுலாண்டோனி சந்தைக்குப் போகிறார்கள். விசில் ஊதியதும் வியாபாரம் ஆரம்பம். மலைக்காரப் பெண்கள் சோளம், வாழைப்பழம் கொண்டுவருவார்கள். மீனுக்குச் சோளம், சோளத்துக்கு மீன். பர்ஸை எடுத்த என்னை ஒரு பாட்டி பரிதாபமாகப் பார்த்தாள்.

ஆஹா, சொர்க்கம் என்றேன் தம்பியிடம்.

அவன் சிரிக்கவில்லை. "காலேஜில கருவாடு வாங்க மாட்டாங்க, ஓம்."

பெட்ரோலுக்குப் பணம், செல்போனுக்குப் பணம், தங்கச்சி படிப்புக்குப் பணம். மோட்டார் எஞ்சினுக்கு ரொம்பவே பணம். நாம் டால்டா என்பதுபோல் இவர்கள் எஞ்சின் வைத்த போட்டையே 'ஜோன்சன்' என்கிறார்கள், ஒரு கம்பெனி பெயரை வைத்து. சின்ன மீனுக்குப் போவதற்கும், தேனாவை இழுத்துப் போவதற்கும் இப்போது அதுதான். "நானும் ஒண்ணு வாங்கணும். ஆனா மோடல் இல்லை" என்றான்.

"என்ன மாடல்?"

"மோடல், ஓம். தொழில் தொடங்கப் போடுற பணம்."

தூக்கிவாரிப் போட்டது. முதல்! நம்ம முதல்! நம் வியாபாரிகள் எந்தக் காலத்திலோ கப்பலேறிப் போய் விட்டுவிட்டு வந்த வார்த்தை. 'காப்பால்' என்றால் கப்பல், 'பெத்தி' என்றால் பெட்டி, 'கெடாய்' என்றால் கடை. வார்த்தையைக் கொடுத்துவிட்டுப் பொருளை மட்டும் திருப்பி எடுத்து வந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

முதல் சேர்க்க அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: மலேசியா, சபாவில் செம்பனைத் தோட்டம். இந்தப் பக்கத்திலிருந்து ஏராளமானவர்கள் அப்படிப் போயிருக்கிறார்கள். பை தயாராக இருந்தது. அப்பாவுக்குச் சம்மதமில்லை. அவர் லாமாஃபா. தேனா கிளம்பப் பத்துப் பன்னிரண்டு பேர் வேண்டும். ஒவ்வொரு பையனாகக் கிளம்பிவிட்டால் படகு கொட்டகையிலேயே நிற்கும். படகு நின்றால் அந்த விதவை வீட்டுக் கொடியும் காலி. அன்று ராத்திரி அப்பாவும் பிள்ளையும் போட்ட சத்தத்தில் எனக்குப் பாஷை புரியவில்லை, விஷயம் புரிந்தது.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். மேட்டிலிருந்து ஒரு குரல்: "பலேயோ!" ஊர் முழுக்க அதையே திருப்பிக் கத்துகிறது. திமிங்கிலம் தென்பட்டுவிட்டது! தம்பி தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினான். அப்பா முன்னால், இவன் துடுப்பில். நாலு படகு கிளம்பியது. கரையில் பெண்களோடு நானும் நின்றேன். அடிவானத்தில் புள்ளி, புள்ளி. அப்புறம் புள்ளியும் இல்லை. 1994-ல் இப்படிப் போன படகுகளைத் திமிங்கிலம் கண்காணாத தூரத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. தத்தளித்தவர்களை வழியில் வந்த ஓர் உல்லாசக் கப்பல்தான் காப்பாற்றியது. அதைப் படித்துவிட்டு வந்தது தப்பு.

இருட்டுகிற நேரத்தில் திரும்பினார்கள். வெறும் படகு. அப்பா குதித்திருக்கிறார். ஈட்டி வழுக்கிவிட்டது. திமிங்கிலம் ஆழத்துக்குப் போய்விட்டது.

யாரும் அவரைத் திட்டவில்லை. அந்த ஊரில் வேட்டை பொய்த்தால் முதலில் கேட்கிற கேள்வி, 'யார் வீட்டில் சண்டை?' மனஸ்தாபத்தோடு கடலுக்குப் போனால் ஈட்டி இறங்காது என்று நம்பிக்கை. அவர் மணலில் நின்றுகொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க வீட்டில்தான்" என்றாராம். அப்புறம் பிள்ளை பக்கம் திரும்பி, "போய்ட்டு வா" என்றாராம். அவ்வளவுதான். தம்பி எனக்கு இதை மொழிபெயர்க்கும்போது, ஒரு வரிக்கு நடுவில் நிறையத் தண்ணீர் குடித்தான்.

விடியற்காலை லாரியில் இரண்டு பேரும் ஏறினோம். அம்மா ஒரு பொட்டலம் கொடுத்தாள். திமிங்கிலக் கருவாடு. வழியில் யாரிடமாவது மாற்றிக்கொள்ளலாமே என்று. அப்பா ஒன்றும் சொல்லாமல் பையை மேலே தூக்கிப் போட்டார். அவன் இடத்தில் துடுப்புப் போட இன்னும் மீசை முளைக்காத ஒரு பையன் கிடைத்திருப்பதாகப் பேச்சு.

லெவோலெபா துறைமுகத்தில் பிரிந்தோம். "மூணே வருஷம், ஓம். மோடல் சேர்த்துட்டு வந்துடுவேன். நான் வந்தா எங்க படகு நிக்காது" என்றான்.

"நிச்சயம் வருவே, தம்பி" என்றேன். வேறென்ன சொல்ல? சாவகாசமாக விமானத்தில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இதே வாக்கியத்தைக் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், பஸ் ஸ்டாண்டில் நின்று என் அப்பாவிடம் நானும் சொல்லியிருக்கிறேன். அதுவும் மூணே வருஷம்தான்.

இப்போது முப்பத்தொன்று நடக்கிறது.