மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை பிறந்தால் நெல்லிக்குப்பம் பக்கத்தில் பலர் குடியை நிறுத்திவிடுகிறார்கள். கழுத்தில் மாலை ஏறிவிட்டது. நேற்றுவரை "வாடா மச்சான்" என்று கடைக்கு இழுத்தவனே இன்று "சாமி" என்று கும்பிட்டு விலகிப்போகிறான். விடியற்காலைக் குளியல், சாயங்காலம் பஜனை, கூடவே ஒரு குருசாமி. கரும்பு வெட்டி உடம்பெல்லாம் வலிக்கிற ஆளும் ஒரு மண்டலம் தாக்குப்பிடித்துவிடுகிறார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய மறுநாளே அவர் கடைவாசலில் நின்றால், "இவனுக்கு மனசுல உறுதி இல்ல" என்று ஊர் தீர்ப்பு எழுதுகிறது. அந்தத் தீர்ப்பு தவறு. அவ்வளவு நாள் அவரைத் தாங்கியது மன உறுதி மட்டுமல்ல, சுற்றி நின்ற ஆட்களும்தான். மாலையோடு சேர்ந்து அவர்களும் கலைந்துவிட்டார்கள்.

அந்த மறுநாளுக்கென்று உருவானதுதான் ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935இல் அமெரிக்காவின் அக்ரான் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் சந்தித்தார்கள். இருவருமே குடியால் சீரழிந்தவர்கள். இன்னொரு குடிநோயாளியிடம் மனம்விட்டுப் பேசினால் அன்றைய பொழுதைக் குடிக்காமல் கடத்திவிடலாம் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். 1957இல் இந்தியாவிலும் கூட்டங்கள் தொடங்கின. கட்டணம் கிடையாது, வெளியார் பணம் ஒரு ரூபாயும் வாங்குவதில்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. ஒருவர் எழுந்து பெயரைச் சொல்லி, தான் குடிநோயாளி என்று சொல்லிப் பேச ஆரம்பிப்பார். அடகுக்குப் போன தாலி, பள்ளிக்கூட வாசலில் அப்பாவைப் பார்த்துத் தலைகுனிந்த பிள்ளை என எதுவும் வரலாம். யாரும் குறுக்கே பேசுவதில்லை, புத்திமதி சொல்வதில்லை. அடுத்தவர் எழுந்து தன் கதையைச் சொல்வார்.

இதனால் பயன் உண்டா என்று மருத்துவ உலகம் நீண்டகாலம் சந்தேகப்பட்டது. 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2020ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் ஏ.ஏ. சார்ந்த முறைகள் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தந்ததாகக் கண்டது.

ஆனால், கண் விழித்ததும் கை நடுங்கி, ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர் வீட்டிலேயே சட்டென்று நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், புத்தி பேதலிக்கலாம், உயிரே போகலாம். அவருக்கு முதலில் மருத்துவமனைதான். கடலூரில் அரசுத் தலைமை மருத்துவமனையும் சிதம்பரத்தில், முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்த அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன, புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் மாத்திரை கலந்து கொடுப்பதும் ஆபத்து. இதைத் தாய்மாரிடம் எத்தனை முறை சொன்னாலும் தகும்.

சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு நெல்லிக்குப்பத்தில் என்ன காத்திருக்கிறது? டாஸ்மாக் கடை இருக்கிறது. தென்பெண்ணையைத் தாண்டினால் பாகூர் பக்கம் புதுச்சேரிச் சரக்கு கிடைக்கிறது. ஏ.ஏ. கூட்டத்துக்குக் கடலூரோ புதுச்சேரியோ போவதென்றால் பஸ் செலவும் அரைநாள் கூலியும் போகும். கூச்சம் அதைவிடப் பெரிய தடை. அவர் குடித்து விழுந்து கிடந்ததை ஊரே பார்த்திருக்கிறது. ஆனாலும் கூட்டத்துக்குப் போவது தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையுமா என்று வீடு பயப்படுகிறது.

இந்தக் கூச்சத்தை ஒரு தமிழ்க் கிராமம் தாண்டிக் காட்டியிருக்கிறது. கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அந்த அமைப்பு நகரத்து மருத்துவமனையோடு நிற்காமல் மஞ்சக்குடி கிராமத்துக்கே போய் முகாம் போட்டுக் குடிநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தது. அந்த அனுபவம் 1994இல் 'அடிக்‌ஷன்' என்ற சர்வதேச ஆய்விதழில் கட்டுரையாக வந்தது. எதையும் மறைக்க முடியாத கிராமத்தில் அக்கம்பக்கத்தாரையே துணைக்குச் சேர்த்துக்கொண்டதுதான் அதில் நான் பெரிதாக நினைப்பது.

வாரந்தோறும் வட்டமாக உட்கார்ந்து பேசுவது நம் ஊர்ப் பெண்களுக்குப் புதிதல்ல. 1989இல் தருமபுரியில் தொடங்கிய சுயஉதவிக் குழுக்கள் இன்று தெருவுக்குத் தெரு இருக்கின்றன. கடனைப் பற்றி அங்கே பேசுகிறார்கள். அந்தக் கடனில் எவ்வளவு பாட்டிலுக்குப் போனது என்பதையும் பேசினால், குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் செய்கிற வேலையில் பாதியாவது நடந்துவிடும். ஆண்களுக்கோ நாலு பேர் சேர்ந்து மனம்விட்டுப் பேச மதுக்கூடத்தை விட்டால் இடமில்லை.

2003இல் மதுவின் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்த தமிழக அரசுக்கு, 2024-25இல் டாஸ்மாக் வழியாக வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். 2019இல் வெளியான மத்திய அரசின் ஆய்வோ, நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் சிகிச்சை கிடைக்கிறது என்கிறது. விற்பனையை ஊர் ஊராகக் கொண்டுபோக முடிந்த அரசு, மீட்பையும் அதே தூரம் கொண்டுபோகக் கடமைப்பட்டிருக்கிறது. ஏ.ஏ. அரசுப் பணத்தைத் தொடாது. ஆகவே கேட்பதும் சிறியதுதான். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே, அருகில் கூட்டம் நடக்கும் இடத்தையும் கிழமையையும் மருத்துவர் எழுதித் தர வேண்டும். நகராட்சியோ பள்ளியோ வாரத்துக்கு ஒரு மணி நேரம் சிறு வாடகைக்கு ஓர் அறை தர வேண்டும். கூலி கைக்கு வரும் சனிக்கிழமை சாயங்காலமே அந்த அறை திறந்திருப்பது நல்லது. இரண்டு பேர் வந்தாலும் கூட்டத்தைத் தொடங்கிவிடலாம்.