உலகமே ஓய்வு கொடுத்துவிட்ட ஜாகுவார், இந்தியாவில் மட்டும் ஏன் இன்னும் பறக்கிறது?

2025 மார்ச் 7-ல் ஹரியாணாவின் பஞ்ச்குலா அருகே ஒரு ஜாகுவார் விழுந்தது. விமானி பாராசூட்டில் தப்பினார். ஏப்ரல் 2-ல் குஜராத்தின் ஜாம்நகர் அருகே இன்னொன்று. இருவரில் ஒருவர் உயிரிழந்தார். ஜூலை 9-ல் ராஜஸ்தானின் சுரு மாவட்டத்தில் மூன்றாவது. அதில் இருந்த இரண்டு விமானிகளுமே பிழைக்கவில்லை. ஏறத்தாழ நான்கே மாதங்களில் மூன்று விமானங்கள், மூன்று உயிர்கள்.

ஒவ்வொரு முறையும் விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. ஒவ்வொரு முறையும் டிவி விவாதங்களில் “பறக்கும் சவப்பெட்டி” என்ற பழைய பட்டம் வெளியே வந்தது. மிக்-21-க்கு வைத்த பெயரை அப்படியே தூக்கி ஜாகுவாருக்கும் மாட்டிவிட்டார்கள். இது நியாயமா? அதற்கு இந்த விமானம் எங்கிருந்து, எதற்காக வந்தது என்று பார்க்க வேண்டும்.

பயிற்சி விமானமாகத் தொடங்கியது

1965-ல் பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து ஒரு விமானம் செய்வதென்று ஒப்பந்தம் போட்டன. இரு நாடுகளுக்கும் அப்போது தேவைப்பட்டது ஒரு நல்ல பயிற்சி விமானம். சண்டைக்கும் பயன்பட்டால் கூடுதல் லாபம். பிரிட்டிஷ் ஏர்கிராஃப்ட் கார்ப்பரேஷனும் பிரான்ஸின் பிரெகே நிறுவனமும் இதற்காக ‘செபெகாட்’ என்ற கூட்டு நிறுவனத்தை 1966-ல் தொடங்கின. இன்ஜினும் கூட்டுத் தயாரிப்புதான்: ரோல்ஸ் ராய்ஸ், டர்போமெக்கா இரண்டும் சேர்ந்து செய்த ‘அடூர்’.

1968 செப்டம்பரில் முதல் ஜாகுவார் பறந்தபோது கதை மாறியிருந்தது. இரு நாடுகளின் விமானப் படைகளும் அதை முழுமையான தாக்குதல் விமானமாக ஆக்கியிருந்தன. உடம்பு பெருத்தது, சுமை கூடியது. இன்ஜின் மட்டும் அந்த அளவுக்கு வளரவில்லை. இன்றுவரை ஜாகுவாரைத் துரத்தும் குறை இங்கேதான் பிறந்தது. பூமி உருண்டையாக இருப்பதால்தான் ஜாகுவார் தரையை விட்டு மேலே எழும்புகிறது என்பது பிரிட்டிஷ் விமானப் படையில் ரொம்ப நாளாகச் சொல்லப்படும் கேலி.

தரையை ஒட்டிப் பறப்பதே வேலை

அதற்காக இதை மட்டமான விமானம் என்று சொல்லிவிட முடியாது. எதிரியின் ரேடாருக்குத் தெரியாமல், மரங்களையும் மேடுகளையும் ஒட்டினாற்போல் வேகமாகப் போய், குண்டு போட்டுவிட்டுத் திரும்புவதுதான் இதன் வேலை. ரேடார் அலை நேர்கோட்டில் செல்லும். தாழ்வாக வரும் விமானம் மலைக்கும் பூமியின் வளைவுக்கும் பின்னால் மறைந்துவிடும்.

இந்த வேலைக்கு ஏற்ற மாதிரியே உடலமைப்பு. நீளம் சுமார் 16.8 மீட்டர், இறக்கை அகலமோ 8.7 மீட்டர்தான். தரைக்கு அருகே காற்று எப்போதும் அலைபாயும். பெரிய இறக்கை இருந்தால் விமானம் குலுங்கிக்கொண்டே இருக்கும். சின்ன இறக்கை அந்தக் காற்றைக் கத்தி மாதிரி கிழித்துக்கொண்டு போகும்; விமானிக்குக் குறி தவறாது. சுமார் 4,500 கிலோ ஆயுதங்கள், இரண்டு 30 மி.மீ. பீரங்கிகள், உயரத்தில் ஒலியைப்போல் 1.6 மடங்கு வேகம். சக்கரங்கள் இருக்கும் கால்களும் முரட்டுத்தனமானவை. 1975-ல் பிரிட்டனில் ஒரு நெடுஞ்சாலையிலேயே ஜாகுவாரை இறக்கி, குண்டுகளை மாட்டி, மறுபடியும் அதே சாலையிலிருந்து கிளப்பிக் காட்டினார்கள்.

ஆனால், சின்ன இறக்கைக்கு ஒரு விலை உண்டு. மேலெழும்ப அதிக வேகம் வேண்டும். அதற்கு இன்ஜினில் பலம் வேண்டும். வெயில் ஏற ஏறக் காற்று அடர்த்தி குறையும். அப்போது இன்ஜினின் தள்ளு விசையும் குறையும், இறக்கையின் தூக்கு விசையும் குறையும். பிரிட்டனின் குளிரில் சமாளித்த விமானம் மே மாத அம்பாலாவிலும் ஜாம்நகரிலும் மூச்சு வாங்குவது இதனால்தான்.

தாழ்வாகப் பறப்பதில் உள்ள ஆபத்தை ஒரு சின்னக் கணக்கில் சொல்லலாம். மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 250 மீட்டர். 60 மீட்டர் உயரத்தில் போகும்போது விமானம் 10 டிகிரி கீழ்நோக்கித் திரும்பிவிட்டால், தரையைத் தொட ஒன்றரை நொடிகூட ஆகாது. என்ன கோளாறு என்று யோசிக்க நேரமில்லை. எஜெக்‌ஷன் சீட்டின் கைப்பிடியை இழுக்க நேரம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

இந்தியாவுக்கு வந்த கதை

பழைய கான்பெரா, ஹன்டர் விமானங்களுக்கு மாற்றாக, எதிரி நாட்டுக்குள் ஆழமாகப் போய்த் தாக்கும் விமானம் ஒன்று இந்தியாவுக்கு வெகுநாட்களாகத் தேவைப்பட்டது. பிரான்ஸின் மிராஜ் எஃப்-1, ஸ்வீடனின் விகென், ஜாகுவார் ஆகிய மூன்றும் போட்டியில் இருந்தன. விகெனின் இன்ஜினுக்கு மூலம் அமெரிக்கத் தயாரிப்பு. எனவே அமெரிக்கா 1978-ல் விற்பனைக்குத் தடை போட்டது. அதே ஆண்டில் மொரார்ஜி தேசாய் அரசு ஜாகுவாரைத் தேர்வு செய்தது. அடுத்த ஆண்டு ஜூலையில், பிரிட்டிஷ் விமானப் படையிடமிருந்து இரவலாகப் பெற்ற ஜாகுவார்கள் அம்பாலாவில் வந்து இறங்கத் தொடங்கின. இந்திய விமானப் படை வைத்த பெயர் ‘ஷம்ஷேர்’, அதாவது வாள்.

பிறகு பிரிட்டனில் கட்டியவை வந்தன, அதன்பின் எச்.ஏ.எல். நிறுவனம் உரிமம் பெற்று இங்கேயே கட்டியது. 2000-க்குப் பிறகும்கூடப் புதிய ஜாகுவார்கள் அதன் ஆலையிலிருந்து வெளிவந்தன. ஆகவே “ஐம்பது வருடப் பழைய விமானம்” என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பது சரியல்ல. வடிவமைப்புக்குத்தான் ஐம்பது வயதைத் தாண்டியது. விமானங்கள் பலவற்றின் வயது அதைவிடக் குறைவு. கப்பல்களைத் தாக்கும் ஜாகுவார்களும் நம்மிடம் உண்டு.

பிரான்ஸ் 2005-லும் பிரிட்டன் 2007-லும் ஓமன் 2014-லும் ஜாகுவாருக்கு விடைகொடுத்துவிட்டன. இப்போது உலகத்தில் ஜாகுவாரை ஓட்டும் ஒரே நாடு இந்தியா. ஆறு படைப்பிரிவுகள் இருக்கின்றன. உதிரிபாகம் எங்கே கிடைக்கும்? வேறு வழியில்லாமல், பிரான்ஸும் ஓமனும் ஓரங்கட்டிய ஜாகுவார்களை வாங்கி வந்து, அவற்றைக் கழற்றிப் பாகங்களை எடுத்து நம் விமானங்களுக்குப் போடுகிறார்கள். உற்பத்தி நின்றுபோன பைக்குக்குப் புதுப்பேட்டையில் பாகம் தேடுவது போலத்தான்.

கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு ஒன்றுமில்லை

விமானப் படை ஜாகுவாரை அப்படியே விட்டுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ‘டாரின்’ என்ற திட்டத்தில் வழிகாட்டிக் கருவிகளும் குறிபார்க்கும் கருவிகளும் மூன்று கட்டங்களாக மாற்றப்பட்டன. மூன்றாவது கட்டத்தில், இஸ்ரேலில் தயாரான நவீன ஏசா ரேடார்கூடச் சேர்ந்தது. பிரிட்டனும் பிரான்ஸும் ஓட்டிய எந்த ஜாகுவாரிலும் இந்த வசதி இருந்ததில்லை.

ஆனால் இன்ஜின்? ஹனிவெல் நிறுவனத்தின் அதிக விசையுள்ள இன்ஜினைப் பொருத்துவதாகப் பேச்சு ஓடியது. போட்டியிலிருந்து ரோல்ஸ் ராய்ஸ் விலகிக்கொண்டது, ஒரே விற்பனையாளர் என்றானதும் பேரம் இழுத்தது, விலை ஏறியது. கடைசியில் 2019-ல் திட்டமே கைவிடப்பட்டது. ஓய்வுபெறப் போகும் விமானத்துக்கு இவ்வளவு செலவா என்ற கேள்வி அன்று நியாயமாகத்தான் தெரிந்தது. உடனே ஓய்வு கொடுத்திருந்தால் அது நியாயமாகவே இருந்திருக்கும். ஓய்வும் கொடுக்காமல், இன்ஜினும் மாற்றாமல் இழுத்ததுதான் தவறு.

2025 விபத்துகளுக்கு இன்ஜின்தான் காரணம் என்று இதற்கு அர்த்தமில்லை. மார்ச், ஏப்ரல் விபத்துகளில் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்ற அளவில்தான் விமானப் படை முதலில் சொன்னது. சிக்கலே அதில்தான். 2017 முதல் 2022 வரையிலான காலத்தில் விமானப் படையில் 34 விபத்துகள் நடந்ததாகவும், அவற்றில் 19-க்கு மனிதத் தவறு காரணம் என்றும் நாடாளுமன்றப் பாதுகாப்புத் துறை நிலைக்குழுவின் அறிக்கை சொல்கிறது. ஒரு வருடத்தில் மூன்று முறை ஒரே ரக விமானம் விழும்போது, இந்த மாதிரி மொத்தக் கணக்கு போதாது. ராணுவ ரகசியம் எதையும் வெளியிட வேண்டாம். எந்த ரக விமானம், எவ்வகைக் கோளாறு, அதற்குப் பிறகு என்ன சரிசெய்யப்பட்டது என்பதை நிலைக்குழுவின் முன்பாவது வைக்கலாமே?

ஓய்வு கொடுக்க முடியாததற்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அனுமதிக்கப்பட்ட 42 போர் விமானப் படைப்பிரிவுகளில், 2025 செப்டம்பரில் மிக்-21 விடைபெற்ற பிறகு மிஞ்சியவை 29. அந்த இடத்தை நிரப்ப வேண்டிய தேஜஸ் மார்க்-1ஏ, அமெரிக்காவிலிருந்து வர வேண்டிய இன்ஜின்களின் தாமதத்தால் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. ஆறு ஜாகுவார் படைப்பிரிவுகளையும் இன்றே நிறுத்தினால் 23 ஆகிவிடும். எந்தத் தளபதியும் இதற்குச் சம்மதிக்க மாட்டார்.

ஆக, ஜாகுவார் இன்னும் சில ஆண்டுகள் பறக்கத்தான் போகிறது. அப்படியென்றால், பழைய விமானங்கள் எந்த வருடம், எந்தப் படைப்பிரிவிலிருந்து விலக்கப்படும், அந்த இடத்துக்கு எது வரும் என்ற அட்டவணையைப் பாதுகாப்பு அமைச்சகம் இப்போதே அறிவிக்க வேண்டும். விலக்கப்படும்வரை, பயிற்சியின்போது எவ்வளவு தாழ்வாக, எவ்வளவு சுமையோடு, எந்த வெயிலில் பறக்கலாம் என்ற வரம்புகளையும் விமானப் படை மறுபடி பரிசீலிக்கலாம். இதற்கு அமெரிக்காவிலிருந்து எந்த இன்ஜினும் வரக் காத்திருக்க வேண்டியதில்லை.