நாற்பது பல்புகளும் ஒரு பி.காம். பட்டதாரியும்

டிசம்பர் முதல் தேதி வந்தால் நாகர்கோவில் ஆண்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. பரணில் ஏற வேண்டும்.

பரணிலிருந்து முதலில் ஸ்டார் இறங்கும். அடுத்து குடில் பொம்மைகள் இறங்கும். மூன்று ராஜாக்களில் ஒருவருக்குத் தலை இருக்காது. கடைசியாக ஒரு பழைய பிஸ்கட் டின். அதற்குள் போன வருடம் நாமே நம் கையால் ஒழுங்காகச் சுற்றி வைத்த சீரியல் செட், பதினொரு மாதத்தில் தானாகவே இடியாப்பம் ஆகியிருக்கும். எப்படி என்று கேட்காதீர்கள். இருட்டில் அதற்கு வேறு வேலையில்லை.

"வெளியே போடுற லைட்டை ரோட்டுல போறவங்கதான் பாக்காங்க. நமக்கு என்ன லாபம்? இந்த வருஷம் எல்லாத்தையும் வீட்டுக்குள்ள போடுங்க" என்றாள் மனைவி.

மகள் உடனே நோட்டில் பிளானே போட்டுவிட்டாள். ஹால் ஜன்னலில் ஒன்று, ஷோகேஸில் ஒன்று, மாடிப்படிக் கைப்பிடியில் ஒன்று, குடிலுக்குள் ஒன்று, தாத்தா கட்டிலின் தலைமாட்டில் ஒன்று. "தாத்தா தூங்கும்போது மினுக் மினுக்னு எரியணும்ப்பா!"

நான் பி.காம். எனக்கு டெபிட் தெரியும், கிரெடிட் தெரியும். ஆனால் டெஸ்டரைக் கையில் எடுத்தால் மட்டும் கண்ணை மூடி ஜெபம் பண்ணிவிட்டுத்தான் தொடுவேன்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. 2011 சென்சஸ்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் கிட்டத்தட்ட 47 சதவீதம். நவம்பர் 24-ல் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா ஆரம்பித்து டிசம்பர் 3-ல் முடியும். அந்தச் சூட்டோடு சூடாக வீடுகளில் ஸ்டார் ஏறிவிடும். பக்கத்து வீட்டு இந்துப் பிள்ளைகளும் அடம்பிடித்து ஒன்று வாங்கித் தொங்கவிட்டுவிடுவார்கள். அதற்கு மதம் காரணமில்லை. எதிர்வீட்டில் எரிந்தால் நம் வீட்டிலும் எரிய வேண்டும், அவ்வளவுதான்.

இந்தத் தொல்லையை ஆரம்பித்து வைத்தவர் எட்வர்ட் ஜான்சன் என்கிற அமெரிக்கர். எடிசனின் கூட்டாளி. 1882 டிசம்பரில், நியூயார்க்கில் தன் வீட்டுக்குள் ஒரு கிறிஸ்துமஸ் மரம் வைத்து, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று 80 மின்சார பல்புகளை அதில் மாட்டினார். போதாதென்று மரத்தையே சுற்றவிட்டார். அதற்கு முன்பெல்லாம் மரத்தில் நிஜ மெழுகுவத்தி. பக்கத்திலேயே வாளியில் தண்ணீர். பண்டிகை கொண்டாடுவதா, தீயணைப்பு வேலை பார்ப்பதா என்று தெரியாத நிலைமை. ஜான்சன் புண்ணியத்தில் வாளி போயிற்று. பியூஸ் வந்தது.

எங்கள் வீட்டு ஜான்சன் என் அப்பா.

"லே மக்கா, சீரியல் செட்டுன்னா என்னன்னு தெரியுமா? சும்மா சொருகினா எரியுற சாமானில்ல" என்று சாய்வு நாற்காலியில் இருந்தபடி பாடத்தை ஆரம்பித்தார். சொன்னால் நம்பமாட்டீர்கள், கல்லூரியில் புரியாதது அன்றைக்குப் புரிந்தது.

பழைய செட்டில் ஒவ்வொரு பல்பும் 6 வோல்ட். அப்படி 40 பல்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் 40 x 6 = 240. வீட்டுக்கு வருகிற கரன்ட்டை நாற்பது பேரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். சுத்தமான பார்ட்னர்ஷிப் அக்கவுன்ட்! ஆனால் ஒரு பார்ட்னர் கண்ணை மூடினால் கம்பெனியே இருட்டு. யார் மூடினார் என்று கண்டுபிடிக்க நாற்பது பேரையும் ஒவ்வொருவராகக் கழற்றி மாட்ட வேண்டும்.

இங்கேதான் ஆபத்து. "ஆறு வோல்ட் பல்புதானே" என்று பிளக்கைப் பிடுங்காமல் கழற்றுவார்கள். பல்பு எரியும்போதுதான் அது ஆறு வோல்ட். கழற்றிவிட்டால் அந்தக் காலி ஹோல்டரின் இரண்டு முனைகளுக்கும் நடுவே முழு 230 வோல்ட்டும் வந்து நிற்கும். தொட்டால் கிறிஸ்துமஸ் தாத்தாவையல்ல, நேரே கர்த்தரையே தரிசிக்கலாம்.

இன்னொரு குறுக்குவழி உண்டு. போன பல்பை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒயரை முறுக்கிவிடுவது. உடனே எல்லாம் எரியும். முன்னைவிடப் பிரகாசமாகவே எரியும். போனவன் பாரத்தையும் மீதி 39 பேர் சேர்த்துச் சுமக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டு, மூன்று என்று முறுக்கிக்கொண்டே போனால் பாரம் தாங்காமல் மற்றவையும் ஒவ்வொன்றாகப் போகும்.

"அப்போ என்ன செய்யணும்?" என்றேன்.

"சவத்தைத் தூரப் போட்டுட்டு புதுசு வாங்கு!"

இதைச் சொல்லவா அரை மணி நேரம்?

கடைக்குப் போனேன். இப்போது எல்லாம் எல்.ஈ.டி. இந்த நீல எல்.ஈ.டி.யை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நாகமுரா என்ற மூவருக்கு 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். நீலம் வந்த பிறகுதான் வீட்டுக்கு வெளிச்சம் தரும் வெள்ளை எல்.ஈ.டி.யும் வந்தது. அதே நீலம் இன்று கடையில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. சூடு குறைவு. கரன்ட்டும் குறைவு. ஆனாலும் நேரே பிளக்கில் சொருகுகிற செட் என்றால் ஒயரில் ஓடுவது அதே 230 வோல்ட்தான். அதை இரும்பு ஜன்னல் கம்பியில் சுற்றக்கூடாது. வைக்கோல் போட்ட குடிலுக்குள் பழைய குண்டு பல்பை வைக்கவே கூடாது. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் இன்னொன்றைச் சொருகி ரயில் விடக்கூடாது. தூங்கப் போகும்போது அணைத்துவிட வேண்டும். தாத்தா கட்டிலுக்கும் குடிலுக்கும் மூன்று பென்சில் பேட்டரி போடுகிற செட் வாங்கினேன். மொத்தமே நாலரை வோல்ட். அப்பாவுக்கும் சேதமில்லை, குழந்தை இயேசுவுக்கும் சேதமில்லை.

மகள் போட்ட பிளான்படி எல்லாம் முடிந்து சுவிட்சைப் போட்டேன். வீடே பெட்டிக்கடை மாதிரி ஜொலித்தது. மகள் கைதட்டினாள். மனைவி முந்திரிக்கொத்துத் தட்டை நீட்டினாள்.

அப்பா மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெளியே ஸ்டார் எங்கடே?"

"இந்த வருஷம் உள்ளே மட்டும்தான்ப்பா."

"உள்ளே என்ன வேணும்னாலும் போடு. வாசல்ல ஒண்ணு இருக்கணும்."

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. எப்படி மறந்தேன் என்று வெட்கமாகவும் இருந்தது.

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல். வாழை, ரப்பர் எல்லாம் சாய்ந்து, ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் விழுந்து, நாள்கணக்கில் எங்கள் ஊரில் கரன்ட் இல்லை. நாங்கள் மெழுகுவத்திக்கு அலுத்துக்கொண்டோம். கடற்கரையில் அலுத்துக்கொள்ள நேரமில்லை. சின்னத்துறை, தூத்தூர், வள்ளவிளை, நீரோடி என்று ஊர் ஊராக, கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. தேடச் சொல்லி டிசம்பர் 7-ல் குழித்துறை ரயில் நிலையத்தில் ஜனங்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள்.

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மா அந்த மாதம் முழுக்க வரவில்லை. மகளைக் கட்டிக் கொடுத்தது சின்னத்துறைப் பக்கம். மருமகன் போன படகு வரவில்லை. கரன்ட் வந்ததும் நான் பிஸ்கட் டின்னைத் தேடினேன். "வேண்டாம்டே" என்றார் அப்பா. அந்த வருடம் எங்கள் தெருவில் பல வீடுகளில் ஸ்டார் ஏறவில்லை.

அடுத்த வருடம் டிசம்பர். அந்த அம்மா விடிகாலையில் கூடையை இறக்கி வைத்துவிட்டு வாசலை அண்ணாந்து பார்த்தார்.

"ஏன் மக்களே, இன்னும் ஸ்டார் போடல்லியா?"

நான் மென்று முழுங்கினேன். "இல்லம்மா... நீங்க வந்துபோற வீடு. உங்களுக்குக் கஷ்டமா இருக்குமோன்னு..."

அவர் அயிலையை எண்ணிப் போட்டுக்கொண்டே சொன்னார். "எங்க வீட்டுல போட மனசு வரல்ல. நீங்களும் போடல்லேன்னா நான் எங்க போய்ப் பாக்க?"

அன்று சாயங்காலமே போட்டோம். அன்றிலிருந்து அப்பாவின் சட்டம் ஒன்று உண்டு. டிசம்பரில் வாசல் ஸ்டாரை ராத்திரி அணைக்கக்கூடாது. காலையில் மீன்கூடை வந்து போகிற வரைக்கும் எரிய வேண்டும்.

இந்தத் தடவை மனைவியும் மறு பேச்சுப் பேசவில்லை. பரணில் மறுபடி ஏறினேன். பழைய பேப்பர் ஸ்டார். ஒரு முனை ஒட்டுப்போட்டது. உள்ளே நல்ல ஹோல்டர், 5 வாட் எல்.ஈ.டி. பல்பு. மழைச்சாரல் படாமல் கூரைக்கு அடியில், முற்றத்து வழியில் வருகிறவர் கண்ணுக்கு நேரே கட்டினேன். மகள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்திரி பூரா எரிஞ்சா கரன்ட் பில் ஏறாதாப்பா?" என்றாள். என் மகள் அல்லவா, கணக்கில்தான் முதலில் கை வைப்பாள்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். 5 வாட், ஒரு ராத்திரிக்கு 12 மணி நேரம், 25 நாள். மொத்தம் ஒன்றரை யூனிட்.

பி.காம். படித்ததற்கு ஒரு பிரயோஜனம் வேண்டாமா?