தப்பு யாருடையதோ, பணம் நம்முடையது

ராயகிரியில் மருந்துக் கடையில் கார்டைத் தேய்த்தேன். மெஷினில் சீட்டு வரவில்லை; கணக்கில் 640 ரூபாய் மட்டும் போய்விட்டது. ரொக்கம் கொடுத்து மருந்து வாங்கினேன். வங்கியில் "மெஷின் கம்பெனியைக் கேளுங்க சார்" என்றார்கள். கம்பெனியோ "உங்க பேங்கைக் கேளுங்க" என்றது. கோப்பை அடுத்த மேஜைக்குத் தள்ளும் வித்தை, குமாஸ்தாவாக இருந்த எனக்குத் தெரியாததா!

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-லேயே உத்தரவு போட்டுவிட்டது. இப்படிப் போன பணம் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு, அதுவும் நாம் கேட்காமலே. யார் தப்பு என்பது அவர்கள் வழக்கு. அது தீரும்வரை நம் பணம் ஏன் காத்துக் கிடக்க வேண்டும்?

எனக்கு 19-ஆம் நாள் பணம் வந்தது, நஷ்டஈடு வரவில்லை. உத்தரவைக் காட்டி எழுதிக் கொடுத்தேன். 1,400 ரூபாய் வந்தது. நீங்களும் தேதியைக் குறித்து வையுங்கள், விடாமல் கேளுங்கள்.